ஓவனுக்குள்ள இருந்த இடியப்பத் தட்டு

இஞ்சரும், குசினி இன்னும் மணக்குது. உருகின பிளாஸ்ரிக்கின்ர மணம். ஜன்னல் எல்லாம் திறந்து விட்டாச்சு, பல்கனிக் கதவையும் திறந்தாச்சு. ஒக்ரோபர்க் குளிர் உள்ள வந்து குந்திக்கொண்டிருக்குது, மணம் மட்டும் வெளிய போற மாதிரி இல்லை. ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு மேசையில இருந்து உமக்கு எழுதுறன். ரெண்டு வரி எழுதுறதும், எழும்பிப் போய் பல்கனியால கீழ எட்டிப் பாக்கிறதும், திரும்பி வந்து இருக்கிறதுமா இருக்கிறன். உம்மட அக்காவின்ர மனிசன், அண்ணையின்ர வெள்ளைக் கார் வருதோ எண்டுதான் பாக்கிறன். பின்னேரம் வருவம் எண்டுதான் அக்கா சொல்லிவிட்டுப் போனவா. இன்னும் மத்தியானமே ஆகேல்ல.

ஒரு இடத்தில இருக்கேலாமல் கிடக்கு. நீர் இருந்திருந்தா, "உதில ஒரு இடத்தில இருங்கோ, பாக்கிற எனக்குத் தலை சுத்துது" எண்டிருப்பீர்.

நேற்று இந்த வீட்டில தாங்க்ஸ்கிவிங் விருந்து வைச்சன். ஓம், நான்தான். நீர் இல்லாமல்.

ஏன் வைச்சனான் எண்டதை முதல் சொல்லோணும். பிள்ளைக்காகத்தான்.

மார்ச்சில நீர் போன கிழமை அக்கா எங்கட அபியைத் தூக்கிக்கொண்டு போய் அஜக்ஸில தன்ர வீட்டில விட்டவா. செத்தவீட்டுச் சனத்துக்குள்ள பிள்ளை நிண்டு என்ன செய்யிறது, ஒரு கிழமை அங்க இருக்கட்டும் எண்டுதான் கதை. அந்த ஒரு கிழமை முடியவே இல்லை. முப்பத்தொண்டுக் காரியம் முடிஞ்சு நான் வேலைக்குப் போகத் தொடங்க, தனி மனிசன் நாலு வயசுப் பிள்ளையை வைச்சு என்ன செய்யப் போறார் எண்டு எல்லாரும் கதைச்சினம். எனக்கும் அது சரியாத்தான் பட்டுது. ஓகஸ்ட் மாதம் அக்கா போன் எடுத்து, "அவளை இஞ்ச கிண்டர்காடினில பதியட்டோ தம்பி" எண்டு கேட்டா. ஓம் எண்டன். அந்த நேரம் ஆர் என்ன கேட்டாலும் நான் ஓம்தான். ஞாயிற்றுக்கிழமையளில நாநூற்றொண்டு ஹைவேயால ஓடிப் போய்ப் பாத்திட்டு வருவன். அவள் கொஞ்ச நேரம் என்னோட விளையாடுவாள், பேந்து ரிவிக்கு முன்னால போய் இருந்திடுவாள். வந்த விருந்தாளியோட எவ்வளவு நேரம் இருப்பாள், பாவம்.

போன மாதம் ஒரு ஞாயிறு. அக்கா குசினியில நிண்டவா. அபி தான் கீறின படத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிப் போய், "அம்மா, இஞ்ச பாருங்கோ" எண்டாள்.

அக்கா உடன என்னைத் திரும்பிப் பாத்தா. பிள்ளை தான் சொன்னதைக் கவனிக்கவே இல்லை. நான் தேத்தண்ணியைக் குடிச்சு முடிச்சன்.

எனக்குப் பயம் பிடிச்சது அவள் சொன்னதால இல்லை. அதைக் கேட்டும் எனக்கு ஒண்டும் செய்யேல்ல எண்டதாலதான். உமக்குத் தெரியும், மார்க்கம் பக்ரறியில நாள் முழுக்க நான் செய்யிற வேலை ரெலிபோன் சேர்க்கிட் போட் ரெஸ்ற் பண்ணுறதுதான். மீற்றரின்ர முனையை வைச்சா முள்ளு அசையோணும். அசையாட்டி எங்கயோ அறுந்திருக்கு. அண்டைக்குத் திரும்பி வரேக்க என்னிலயே மீற்றரை வைச்சுப் பாத்த மாதிரித்தான் இருந்தது. ஹைவேயால மார்க்கம் றோட்டில இறங்கவேண்டிய நான், அதைத் தாண்டி விக்டோரியா பார்க் றோட் மட்டும் போய்த்தான் திரும்பினன்.

அந்தச் சுத்தில வரேக்கதான் முடிவெடுத்தன், அவளை இஞ்ச கூட்டிக்கொண்டு வந்திடோணும் எண்டு. சும்மா போய்க் கேட்டா அக்கா தரமாட்டா. வீடு வீடா இருக்கெண்டு காட்டோணும். அடுப்பு எரியுது, மேசை விரிச்சிருக்கு, ஆக்கள் வருகினம், இந்த மனிசனால ஏலும் எண்டு அவா தன்ர கண்ணால பாக்கோணும். பேந்து கேக்கோணும். எங்கட வீட்டில வருசா வருசம் நடந்த விருந்தெண்டா உம்மட தாங்க்ஸ்கிவிங்தான். அதைத்தான் பிடிச்சன்.

முதல் முறை செய்தது ஞாபகம் இருக்கோ? தொண்ணூற்றொண்டில, கனடா வந்த புதிசில, எக்ளின்ரன் றோட்டில நாங்கள் இருந்த பேஸ்மென்றில. நீர் அப்பதான் முதியோர் இல்லத்துக் குசினியில வேலைக்குச் சேர்ந்தனீர். அங்க தாங்க்ஸ்கிவிங் எண்டு நன்றி சொல்லி வான்கோழி வாட்டுறதைப் பாத்திட்டு வந்து, லோங் வீக்கெண்டுக்குப் போக ஒரு வீடில்லாமல் எங்களோட எத்தினை பேர் இருக்கினம், நாங்களும் செய்வம் எண்டீர். ஐஸ் கட்டியா வேண்டின கோழி இளகி வர நாள்கணக்கா எடுக்கும் எண்டு உமக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. முதல் நாள் பின்னேரம் தட்டிப் பாத்தா கல்லு. குளிக்கிற தொட்டியில தண்ணியை நிரப்பி அதுக்குள்ள போட்டம். அந்தப் பேஸ்மென்றில எங்களோட இருந்த பெடியன் வேலையால வந்து துவாயோட நிக்கிறான், நீர் பாத்றூம் கதவடியில மறிச்சுக்கொண்டு நிக்கிறீர்.

"உள்ள ஆள் இருக்கு."

"ஆரக்கா?"

"ஒரு வெள்ளைக்காரி. நாளைக்குத்தான் வெளிய வருவா."

அவன் உண்மையாவே கொஞ்ச நேரம் யோசிச்சவன்.

அடுத்த நாள் தயிரும் தேசிக்காய்ப் புளியும் வறுத்த தூளும் பெருஞ்சீரகமும் குழைச்சுத் தோலுக்குக் கீழ எல்லாம் பூசினீர். வயித்துக்குள்ள வெள்ளைக்காரர் பாண் துண்டு அடையிறவை. நீர் இடியப்பத்தை உதிர்த்து, லீக்ஸும் கஜுவும் முட்டையும் போட்டுக் கொத்தி, அதை அடைஞ்சீர். "பாணை அடைஞ்சா அது கோழியின்ர சாப்பாடு. இடியப்பத்தை அடைஞ்சாத்தான் எங்கட சாப்பாடு" எண்டீர். நான் வேலையிடத்தில இருந்து சூடு பாக்கிற கம்பி ஒண்டைக் கொண்டுவந்து துடையில குத்திக் குத்திப் பாக்க, வந்த ஆக்களுக்கு என்னைக் காட்டி, "செத்த கோழிக்கும் காய்ச்சல் பாக்கிற மனிசன்" எண்டு சொல்லிச் சிரிச்சீர். அதுக்குப் பிறகு ஒவ்வொரு வருசமும் அதைச் சொல்லாமல் நீர் பரிமாறினதே இல்லை.

பொறும், கீழ ஒரு கார் வருது.

வேற ஆரோ.

அக்காவுக்கு நான் போன் எடுத்துச் சொன்ன உடன, அவா மெதுவா, "ஒரு வருசம் ஆகேல்ல, ஆட்டை முடியேல்லத் தம்பி" எண்டா. "வருசப்பிறப்பும் இல்லை, தீபாவளியும் இல்லை எண்டு இருக்கிறம். உது மட்டும் என்ன?"

எதிர்வீட்டு றீற்றா அந்த நேரம் இஞ்ச நிண்டவா. உம்மட சிநேகிதிதானே, வேலை முடிஞ்சு வரேக்க என்ர கதவைத் தட்டி, நான் சாப்பிட்டனோ எண்டு பாத்திட்டுத்தான் தன்ர வீட்டைப் போவா. என்ர கையில இருந்த றிசீவருக்குக் கிட்ட வாயை வைச்சுக்கொண்டு சொன்னா: "அக்கா, நான் மன்னாரில நத்தார் கொண்டாடின ஆள். எனக்கு உங்கட முறை தெரியாதுதான். ஆனா வெள்ளைக்காரன்ர பெருநாளுக்குமோ ஆட்டை பாக்கிறது?"

அக்கா பதில் சொல்ல முதல் அண்ணை போனை வேண்டினார். "தம்பி, உவா சொல்லுறது ஒரு பக்கம் இருக்கட்டும். நாங்கள் பெருநாளுக்கு வரேல்ல. ஞாயிற்றுக்கிழமை சும்மா உம்மைப் பாக்க வாறம். வந்த இடத்தில கோழி இருந்தா சாப்பிடுவம்."

பின்னால அக்காவின்ர குரல் கேட்டது: "உங்களுக்குத் தின்னுறதெண்டா சாத்திரமும் வளைஞ்சு குடுக்கும்."

சரி, வருகினம் எண்டு தெரிஞ்சுது. வான்கோழியை நேரத்தோட வேண்டி, பிரிட்ஜுக்குள்ள வைச்சு இளக விட்டன். தூள் இருந்தது. இடியப்ப உரல் இருந்தது. தட்டுகளைத்தான் காணேல்ல. அந்தப் பச்சையும் சிவப்புமான பிளாஸ்ரிக் தட்டுகள். அலுமாரி எல்லாம் இழுத்துப் பாத்தன். பல்கனிப் பெட்டியைப் பாத்தன். உம்மட உடுப்பு அலுமாரியைக்கூடத் திறந்து பாத்திட்டு உடன மூடினன். செத்தவீட்டு நேரம் அக்காதானே குசினியை ஒதுக்கினவா எண்டு நினைச்சு, திரும்பப் போன் எடுத்தன்.

"அக்கா, அந்த இடியப்பத் தட்டு ஏதும் உங்கட பக்கம் வந்திட்டுதோ?"

"என்ர தங்கச்சியின்ர சாமானில நான் கை வைப்பன் எண்டு நினைக்கிறீரோ?"

"இல்லை அக்கா, சும்மா கேட்டனான்."

"சும்மா கேக்கிற கேள்வியோ உது?"

போனை வைச்சிட்டா. அப்பவும் பக்கத்தில நிண்ட றீற்றா என்னைப் பாத்து, "உங்களுக்கு வாயே இல்லை எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தன். இருந்திருக்கு. துறக்கக் கூடாத இடத்தில துறக்குது" எண்டா. அவாவே பிளாசாவில ஒரு கடையில அவிச்ச இடியப்பம் வேண்டிக்கொண்டு வந்து தந்தா.

நேற்றுக் காலமை எல்லாம் ஒழுங்காத்தான் போச்சு. உம்மட முறைப்படி பூசினன், கொத்தினன், அடைஞ்சன். ஓவனை முந்நூற்றி இருபத்தஞ்சு டிகிரியில போட்டு, சூடேறட்டும் எண்டு விட்டிட்டு, முன் அறையில மடக்கு மேசையை விரிக்கப் போனன். நீர் போன பிறகு அந்த ஓவனை நான் தொட்டதே இல்லை. மேல அடுப்பில ஒரு சோறு, மைக்றோவேவில ஒரு கறி, அவ்வளவுதான் என்ர சமையல்.

மணம் வந்தது. எனக்கு உடன தெரியும், வயர் எரியிற மணம் எண்டு. அதுதானே என்ர தொழில். ஓடிப் போய் அடுப்பை இழுத்து, பின்னால டோர்ச் அடிச்சு வயரைப் பாக்கிறன். நல்லா இருக்கு. ஒரு கறுப்புப் புள்ளிகூட இல்லை. பேந்து கரண்ட் பிரேக்கர் பெட்டிக்கு ஓடினன். அதுக்குள்ள கூரையில இருந்த புகை அலாம் கத்தத் தொடங்கிட்டுது. றீற்றா ஈரக் கையோட ஓடி வந்து, நான் பிரேக்கரோட நிண்டதைப் பாத்து, ஒண்டும் கேக்காமல் ஓவன் கதவைத் திறந்தா.

கறுப்புப் புகை. உள்ள, உம்மட சருவச்சட்டி, உம்மட கேக் தட்டம், எல்லாத்துக்கும் மேல பச்சையும் சிவப்புமா உருகி வழிஞ்சுகொண்டு இடியப்பத் தட்டுகள்.

நீர் ஓவனுக்குள்ள சாமான் அடுக்கி வைக்கிறது எனக்குத் தெரியாததில்லை. எங்கட சனத்தின்ர எந்த வீட்டிலதான் இல்லை? ஒவ்வொரு வருசமும் நான் எழும்ப முதல் நீர் எல்லாத்தையும் வெளிய எடுத்து வைச்சிருப்பீர். எனக்கு ஓவன் எண்டா சுவிச்சும் சூடும்தான். கதவைத் திறந்து பாக்கோணும் எண்டு ஒரு நினைப்பும் வரேல்ல.

அந்தப் புகைக்குள்ளதான் கீழ் வாசல் பஸ்ஸர் அடிச்சுது. அக்கா உதவி செய்வம் எண்டு நேரத்தோட வந்திட்டா.

கதவைத் திறந்தா முன்னால அபி. புதுச் சட்டை, தலையில ரெண்டு பின்னல். என்னைப் பாத்திட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு, "அப்பா, நாறுது" எண்டு அக்காவின்ர கோட்டுக்குள்ள முகத்தை ஒளிச்சாள். அக்கா உள்ள ஒருக்கால் பாத்தா. "இதுக்குத்தான்..." எண்டு தொடங்கி, நிப்பாட்டினா. மிச்சத்தைச் சொல்லியிருந்தாக்கூடப் பரவாயில்லை. றீற்றா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தன்ர வீட்டைப் போயிட்டா. நான் ஒரு மாதமா நினைச்சு வைச்சிருந்த கேள்வி அந்தக் கதவடியிலயே முடிஞ்சுது எண்டு நினைச்சன். இப்ப என்னெண்டு கேக்கிறது? வீட்டைக் கொளுத்தின மனிசனுக்குப் பிள்ளையைத் தா எண்டோ?

அண்ணை ஒரு பேப்பரால அலாமுக்கு விசிறிக்கொண்டு நிண்டார். "இப்ப வான்கோழிக்கு என்ன வழி?" எண்டு கேட்டார். றீற்றா பிள்ளையோட எதிர்க் கதவடியில நிண்டு, "என்ர ஓவனைத் தரலாம். ஆனா அது பழுதாகி எவ்வளவு காலம். உள்ள முழுக்கச் சட்டி" எண்டா.

அக்கா கோட்டைக் கழட்டிக் கதிரையில போட்டா. "வெட்டும்" எண்டா என்னைப் பாத்து. "கறி வைப்பம். இஞ்சருங்கோ, நீங்கள் போய் தேங்காய்ப்பால் பேணியும் பாணும் வேண்டிக்கொண்டு வாங்கோ. உதில நிண்டு விசிறினது காணும்."

குசினி நிலத்தில பேப்பரை விரிச்சு நானும் அக்காவும் இருந்தம். நான் அடைஞ்ச கொத்தை வழிச்சு வெளிய எடுத்தன். வான்கோழி எலும்பு கோழி எலும்பு மாதிரி இல்லை, கத்தி வழுக்குது. அக்கா ஓவனுக்குள்ள கையை விட்டு, ஆறிக் கட்டியாப் போன பிளாஸ்ரிக்கைச் சுரண்டி எடுத்து, இப்பிடியும் அப்பிடியும் திருப்பிப் பாத்தா.

"உதுதானே நீர் தேடின தட்டு."

"ஓம்."

"நான் கொண்டுபோய் ஒளிச்சு வைச்சிருந்தனான்."

"நான் அப்பிடிச் சொல்லேல்ல அக்கா."

"சொன்ன மாதிரித்தான்."

நான் துடையை வெட்டினன். கொஞ்ச நேரத்தால ஒரு சத்தம் கேட்டு நிமிர்ந்து பாத்தா, அக்கா அந்தக் கட்டியை மடியில வைச்சுக்கொண்டு சிரிக்கிறா. "அவளுக்கு உதைப் பழக்கினதே நான்தான். பேஸ்மென்றில சாமான் வைக்க இடம் காணாது எண்டு அழுதாள். 'ஓவன் சும்மாதானே கிடக்கு, அதுக்குள்ள அடுக்கடி' எண்டனான். இப்ப எனக்கு அஜக்ஸில வீடு முழுக்க அலுமாரி. அப்பவும் என்ர தோசைக்கல்லு ஓவனுக்குள்ளதான்." சிரிச்சுக்கொண்டே வந்தது எந்த இடத்தில மாறினது எண்டு எனக்குத் தெரியேல்ல. சீலைத் தலைப்பால முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினா. செத்தவீட்டில ஓடித்திரிஞ்சு எல்லாத்தையும் பாத்த அக்கா, அண்டைக்கு அழுததை நான் காணேல்ல.

எனக்கு அழுகை வரேல்ல. வெட்டிக்கொண்டே இருந்தன். வெட்டிக்கொண்டிருக்கேக்கதான் கேட்டும் போட்டன். ஒழுங்குபடுத்தி வைச்சிருந்த பேச்சு ஒண்டும் வரேல்ல.

"அக்கா, அபியை இஞ்ச விட்டிட்டுப் போங்கோ."

"இண்டைக்கோ?"

"இண்டைக்கும். இனியும்."

முகத்தைத் துடைச்சா. "இந்தப் புகைக்குள்ளயோ?"

"புகை போயிடும்."

"வேலைக்குப் போகேக்க ஆர் பாக்கிறது?"

"றீற்றாவோட கதைச்சிட்டன். பள்ளிக்கூடமும் பக்கத்தில இருக்கு."

"எல்லாரோடயும் கதைச்சிட்டீர். என்னோடதான் கதைக்கேல்ல."

அவாவே திரும்பக் கதைச்சா. "தம்பி, நீர் ஞாயிற்றுக்கிழமை வந்திட்டுப் போயிடுவீர். 'அம்மா எப்ப வருவா' எண்டு அவள் கேக்கிறதை நிப்பாட்டவே கோடை முழுக்க எடுத்தது. இந்த வீட்டுக்குள்ள வந்தா முதல்ல இருந்து தொடங்குவாள். பதில் சொல்ல உமக்கு ஏலுமோ?"

"தெரியாது அக்கா."

அவா "வெங்காயத்தை உரியும்" எண்டா.

அதுக்குப் பிறகு அதைப் பற்றி ஒரு கதையும் இல்லை. தாளிச்சு, தூள் போட்டு, இறைச்சியைப் பிரட்டி, அண்ணை கொண்டுவந்த பாலை விட்டு, ரெண்டு பெரிய சட்டியில கறி கொதிச்சுது. அண்ணை மூடியைத் திறந்து பாத்து, "வான்கோழி விசா இல்லாமலே யாழ்ப்பாணம் போட்டுது" எண்டார். எடுத்து வைச்ச கொத்தை அக்கா தாச்சியில போட்டுப் பிரட்டிச் சூடாக்கினா. பாண், கறி, கொத்து, ஒரு கோப்பையில நான் வேண்டி வைச்சிருந்த கிரான்பெரி சோஸ். அண்ணை அதைப் பாணில பூசிச் சாப்பிட்டுப் பாத்து, ஜாம் நல்லா இருக்கு எண்டார். அபி பாணைக் குழம்பில தோய்ச்சு, "உறைக்குது, உறைக்குது" எண்டு சொல்லிச் சொல்லித் திண்டாள்.

றீற்றாதான் தொடங்கினா. "அவள் இருந்தா இப்ப எல்லாரையும் சொல்ல வைச்சிருப்பாள்." உம்மட முதியோர் இல்லத்துப் பழக்கம், ஆளுக்கொரு நன்றி. உமக்குத் தெரியும் எங்கட ஆக்களுக்கு அது எவ்வளவு கூச்சம் எண்டு. பஸ் சாரதிக்கு நன்றி சொல்லுவம். வீட்டுக்குள்ள சொன்னா ஏதோ கோவத்தில சொல்லுறான் எண்டு நினைப்பினம். றீற்றா உமக்குச் சொன்னா, பேரைச் சொல்லாமல். அண்ணை அலாமுக்குச் சொன்னார். "உதொண்டுதான் இந்த வீட்டில நேரத்துக்கு வேலை செய்யுது." அபி தன்ர கிளாஸில இருக்கிற ஹாம்ஸ்ரருக்குச் சொன்னாள்.

என்ர முறை. வருசா வருசம் நான் "சாப்பாட்டுக்கு" எண்டு சொல்லித் தப்பிறது. நேற்றும் அதைத்தான் சொல்ல வாயைத் திறந்தன்.

"அக்காவுக்கு" எண்டு வந்திட்டுது. "பிள்ளையைப் பாத்ததுக்கு."

"உமக்கென்ன விசரோ" எண்டா அக்கா. எழும்பி, அரைவாசிச் சாப்பாட்டோட கிடந்த தன்ர கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள்ள போயிட்டா. பைப் தண்ணி கனநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணை என்ர தோளில தட்டினார். "கீழ வாரும். காருக்குள்ள ஒரு சாமான் கிடக்கு."

டிக்கியைத் திறந்தார். உள்ள அபியின்ர உடுப்பு வைக்கிற சின்ன நீலப் பாக். "காலமை வெளிக்கிடேக்க அக்கா வைச்சவா" எண்டார். "பேந்து இறக்கினவா. நான் காரை ஸ்ராட் பண்ணின பிறகு, கொஞ்சம் நில்லுங்கோ எண்டு சொல்லிப் போய்த் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தவா. நான் ஒண்டும் கேக்கேல்ல. நீரும் கேளாதையும்."

நான் பாக்கோட மேல வர, அக்கா கோட்டைப் போட்டுக்கொண்டு கதவடியில நிண்டவா. பாக்கைப் பாத்தா, என்னைப் பாக்கேல்ல. "நாளைக்கு லீவுதானே. ஒரு நாள் இருக்கட்டும். நாளைக்குப் பின்னேரம் வாறம். மிச்சத்தைப் பேந்து பாப்பம்." பேந்து ஒண்டுக்குப் பின்னால ஒண்டாச் சொன்னா: பாலைச் சூடாக்கோணும், லைற்றை முழுக்க நூத்து இருட்டாக்கக் கூடாது, இடது பக்கச் சப்பாத்தைத்தான் முதல் போடுவாள். செருப்பைக் கொழுவினவா, திரும்பி நிண்டா.

"நித்திரைக்கு அவளுக்குக் காது வேணும்."

"என்ன?"

"காதைப் பிடிச்சுக்கொண்டுதான் படுப்பாள். சும்மா பிடிக்கிறேல்ல, நகத்தால நுள்ளுவாள். கையைத் தட்டக் கூடாது. தட்டினா எழும்பிடுவாள்." தன்ர தலைமயிரை விலத்திக் காட்டினா. தோட்டுக்குக் கீழ சிவந்து, தோல் உரிஞ்சு கிடந்தது. "தாயும் உப்பிடித்தான். சின்னனில எங்கட பாயில எனக்குப் பக்கத்தில படுத்து என்ர காதைத்தான் நுள்ளுவாள். கலியாணத்துக்கு முதல் நாளும் வந்து பக்கத்தில படுத்தவள். உம்மட்டைச் சொல்லேல்லையோ?"

நீர் சொல்லேல்லையே. எவ்வளவு காலம் ஒண்டா இருந்தம், இதை ஏன் சொல்லேல்ல? நித்திரையில உம்மட கை என்ர கன்னத்தடிக்கு ஊர்ந்து வாறது ஞாபகம் வந்தது. கூசுது எண்டு நான் சிரிப்பன், நீர் கையை எடுத்திடுவீர். அது காதைத் தேடித்தான் வந்ததெண்டு எனக்கு என்னெண்டு தெரியும்?

அவையின்ர கார் போறதை அபி பல்கனியில நிண்டு பாத்தாள். பேந்து அழத் தொடங்கினாள். பெரியம்மா வேணும் எண்டு அழுதாள். பால் வேண்டாம், படம் வேண்டாம். அழுது களைச்சுப் போய் உம்மட பக்கக் கட்டிலில ஏறிப் படுத்தாள். தலையணையை மணந்து பாத்தாள்.

"அம்மா இஞ்சதானே படுக்கிறவா?"

"ஓம்."

"இப்ப எங்க?"

"இஞ்ச இல்லை, அபி. இனி வரமாட்டா."

வேற ஒண்டும் எனக்குச் சொல்லத் தெரியேல்ல. அரை வெளிச்சத்துக்குள்ள அந்தச் சின்னக் கை என்ர முகத்தைத் தடவி, மூக்கு, கன்னம் எல்லாம் தடவி, இடது காதைக் கண்டுபிடிச்சுது. நகம் இறங்கிச்சுது. அப்பப்பா, என்ன நுள்ளு. நான் மூச்சையும் அடக்கிக்கொண்டு கிடந்தன்.

காலமை எழும்பின உடன பெரியம்மா எப்ப வருவா எண்டுதான் கேட்டாள். பின்னேரம் எண்டன். இப்ப றீற்றா வீட்டில நிக்கிறாள், கதவு ரெண்டும் திறந்து கிடக்கு, அவளின்ர சத்தம் இஞ்ச கேக்குது. பின்னேரம் அந்தக் கார் வந்தா அவள் ஓடிப் போய் ஏறிடுவாளோ, நிப்பாளோ? ஏறினா மறிக்க எனக்கு வாய் வருமோ? இதைத்தான் காலமை முழுக்க நடந்து நடந்து யோசிக்கிறன்.

இந்த இடத்தில எழுதிக்கொண்டிருக்கேக்க போன் அடிச்சுது. அண்ணை.

"தம்பி, அக்காவுக்கு இண்டைக்கு வர ஏலாதாம். தலையிடியாம்."

"மருந்து போட்டவாவோ?"

"தலையிடி எண்டு சொல்லச் சொன்னவா, நான் சொல்லுறன். அவ்வளவுதான். நாளைக்குக் காலமை இஞ்சத்தைப் பள்ளிக்கூடத்துக்கு நீரே கொண்டுவந்து விடுமன். பின்னேரம் நீரே ஏத்தும். உம்மட பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாத்துமட்டும் உப்பிடி ஓடும்."

றிசீவருக்குள்ள பின்னால அக்கா ஏதோ சொல்லுறா.

"என்னவாம்?"

"காது நோகுதோ எண்டு கேக்கட்டாம்."

தொட்டுப் பாத்தன். காதுச் சோணையில நகம் பதிஞ்ச இடம் தடிச்சு, சுடுது.

"நோகுது எண்டு சொல்லுங்கோ அண்ணை" எண்டன். "நல்லா நோகுது எண்டு சொல்லுங்கோ."